எள்ளில் அக்கறை, புளியில் அக்கறை

செஞ்சியில் ஏஜென்டுகளுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட், பால் ஏஜென்ட், மனை விற்கிற ஏஜென்ட், துபாய்க்கு அனுப்புகிறேன் என்று சொல்லி விழுப்புரம் வரைக்கும் அனுப்பிவைக்கிற ஏஜென்ட் என்று தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். போதாதென்று, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய ரேஷன் குடோனுக்கு வெள்ளையடித்து ஏ.சி. மாட்டி, கணினிக்குள் குடியிருக்கும் நான்கு ஏஜென்டுகளை மேலிடம் கொண்டுவந்து இறக்கியது. இவர்களுக்கு உடம்பு கிடையாது. பசி, சம்பளம், சொந்த சாதி எதுவும் கிடையாது. அதனால் இவர்களை எந்தப் பக்கமிருந்து மடக்குவது என்று ஊரில் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

வாசலில் பலகை தொங்கியது: ‘நாடாளுமன்ற மசோதா முகவர்வழித் தேடல் மையம்’. அதன் கீழே பொடி எழுத்தில், ‘மனிதர்கள் நேரடியாகத் தேடுவது தடைசெய்யப்பட்டுள்ளது’.

விஷயம் இதுதான். டில்லியில் மசோதாக்கள் மலையாகக் குவிகின்றன. ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல் வருகிற மசோதாக்களை எடுத்துத் தரும் கருவி ஒன்றைச் செய்தார்கள். ஆனால் அது செயற்கை அறிவு முகவர்களுக்காகச் செய்த கருவி. மனிதக் கை பட்டால் கெட்டுவிடுமாம். எனவே மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து மைக்கில் பேச வேண்டும். வரவேற்பு முகவர் அதைக் கேட்டு, சொல் பிரிப்பு முகவரிடம் கொடுக்கும். அது சொற்களைப் பொறுக்கித் தேடல் முகவரிடம் கொடுக்கும். அது கருவியிடம் கேட்கும். வந்ததையோ வராததையோ மரியாதை முகவர் நமக்கு நயமாகச் சொல்லும்.

திறப்பு விழாவுக்கு மையங்களின் இயக்குநர் இராமச்சந்திரன் வந்திருந்தார். “முன்பெல்லாம் ஒரு மசோதாவைத் தெரிந்துகொள்ள ஒரு குடிமகன் அதைப் படிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு பெரிய கொடுமை. இனி அவர் படிக்க வேண்டாம், முகவர் படிக்கும். முகவர் படிக்க வேண்டாம், கருவி படிக்கும். கருவியும் முழுதாகப் படிக்காது, ஒரு சொல்லைத்தான் பார்க்கும். ஆகமொத்தம் யாருமே படிக்காமல் எல்லாருக்கும் தெரியும் நிலையை எட்டிவிட்டோம்” என்று பேசினார். ஊர் கைதட்டியது. கேசரி நன்றாக இருந்தது.

பத்மினிக்கு அந்த மையத்தில் காலெடுத்து வைக்கும் தேவை வந்தது ஒரு மஞ்சள் கோட்டினால்.

திருவண்ணாமலை சாலையில், செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை நிமிர்ந்து நிற்பதற்கு நேரெதிரே பத்மினியின் களம் இருக்கிறது. மாமனார் காலத்துச் சிமெண்டுத் தளம். தளவானூர், மண்டகப்பட்டுப் பக்கமிருந்தெல்லாம் மல்லாட்டை வந்து இறங்கும். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். அதனால் ருசி ஒன்றும் குறைவதில்லை. ஈரக்காயைப் பரப்பி, காலால் உழுதாற்போல் நடந்து கிளறிவிட்டு, ஒரு காயைக் காதோரம் குலுக்கிப் பார்த்தால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். கலகலக்காத காயை எந்த மண்டியும் தொடாது. களம் இல்லையென்றால் காய்ச்சல் இல்லை, காய்ச்சல் இல்லையென்றால் வியாபாரம் இல்லை. புருஷன் போனபிறகு பத்மினியையும், களத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரையும் நிறுத்தி வைத்திருந்தது அந்தத் தளம்தான்.

ஒருநாள் தொப்பி போட்ட இரண்டு பேர் வந்து களத்துச் சுவரில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டார்கள். கேட்டதற்கு, “மசோதா வருதும்மா” என்றார்கள். எந்த மசோதா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க, பெயிண்ட் மட்டும்தான் கொடுப்பாங்க” என்றார்கள்.

களத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்த வளர்மதி முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “ஏன்க்கா டென்சன் ஆவுற? எம்புள்ள அங்கதான இருக்கறான். விட்ருவானா?”

வளர்மதியின் மகன் சிவசங்கர்தான் மையத்தின் ஒருங்கிணைப்பாளர். மல்லாட்டைக் குவியல்மேல் புரண்டு வளர்ந்தவன். அவனைத் திண்டிவனத்தில் காலேஜில் சேர்க்க ஆள் பிடித்ததும், கம்ப்யூட்டர் வேலைக்கு நாலு பெரிய மனிதர்களிடம் நடையாய் நடந்ததும் பத்மினி. அதனால் அவள் மையத்துக்குப் போனபோது சொந்தக் கடைக்குள் போகிறவள் மாதிரித்தான் போனாள்.

“வாங்கக்கா, சாப்டீங்களா?” என்றான் சிவசங்கர்.

“ஏன்டா, அந்த மசோதா பேரு உனக்குத் தெரியுமா?”

“மனுஷன் சொல்லக்கூடாதுக்கா. சொன்னா மனிதத் தலையீடுன்னு சீட்டைக் கிழிச்சிடுவாங்க. முகவருகிட்டதான் கேக்கணும். கண்டுபிடிச்சிட்டா ஆட்சேபம் அதுவே பதிஞ்சிடும்.”

“அதுகிட்ட எப்படிப் பேசறது?”

“நீங்க எப்பவும் கடைத்தெருவுல பேசற மாதிரியே பேசுங்கக்கா. அது புரிஞ்சிக்கும்.”

கடைத்தெருவில் பத்மினி பேசுவது எப்படி என்று இங்கே சொல்லியாக வேண்டும். செஞ்சி வியாபாரத்தில் ஒரு சாஸ்திரம் உண்டு. வேண்டிய பொருளை வாய்விட்டுச் சொன்னவன் அதை வாங்கியதில்லை. அதுதான் அவனை வாங்கியிருக்கிறது. மல்லாட்டை வாங்க வந்தவன் முதலில் மழையை விசாரிப்பான். எள்ளை அள்ளி ஊதிப் பார்ப்பான். புளியைக் கண்டு முகம் சுளிப்பான். வெல்லத்தில் மண் இருக்கிறது என்பான். பிறகு ஒன்றும் சரிப்படாதவன் போல எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசற்படியில் ஒரு காலை வைத்து, பாதி முதுகைக் காட்டியபடி, “ஆமா, அந்த மூலையில இருக்குதே, அது இன்னாவாம்?” என்பான். அதுதான் அவன் வந்த காரியம். மற்றதெல்லாம் ஊறுகாய்.

பத்மினி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“மழையே காணோமே இந்த வருஷம்” என்றாள், விட்டத்தைப் பார்த்து.

“வணக்கம். மழை குறித்துப் பல மசோதாக்கள் உள்ளன. மழையில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி” என்றது மரியாதை முகவர். பெண் குரல். தேனில் குழைத்த திருநீறு மாதிரி இருந்தது.

“எள்ளு எப்படி?”

“எள் குறித்து மசோதா உள்ளது. எள்ளில் தங்கள் அக்கறைக்கு நன்றி.”

“சும்மா கேட்டேன். எள்ளு எனக்கு எதுக்கு?”

கணினி சற்று யோசித்தது. “மன்னிக்கவும். ‘எதுக்கு’ என்ற சொல் எந்த மசோதாவிலும் இல்லை.”

சரியான கெட்டிக்காரி, பிடி கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று பத்மினிக்கு மரியாதையே வந்துவிட்டது. “புளியக் கண்ணால பாக்க முடியல, கறுத்துக் கெடக்குது” என்று இன்னொரு தூண்டில் போட்டாள். புளியிலும் அவளுடைய அக்கறைக்கு நன்றி வந்தது.

எழுந்தாள். மெதுவாக நடந்தாள். எந்தக் கடைக்காரனும் இதற்குள் “யம்மா, இரு, இரு” என்று கூப்பிட்டிருப்பான். பின்னாலிருந்து குரல் வந்தது: “தங்கள் அமர்வு மனநிறைவுடன் முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது.”

பத்மினி செருப்பை மாட்டினாள். படியில் ஒரு காலை வைத்தாள். பாதி திரும்பி, “ஆமா, இந்தக் கோட்டைப் பக்கத்துல களம், கிளம்னு எதுனா சட்டம் போடறாங்களாமே?” என்றாள்.

மைக் இருந்தது நாற்காலிக்கு முன்னால். வாசற்படி ஹாலின் மறு கோடியில். வாசலை ஒட்டி இருந்தது சிவசங்கரின் மேசை.

“கேட்டுச்சுக்கா” என்றான் அவன்.

கடைத்தெருவில் எதிராளி “கேட்டுச்சு” என்று சொல்லிவிட்டால் பாதிப் பேரம் படிந்த மாதிரி. யோசித்து ஆளனுப்புவான் என்று பொருள். பத்மினி நிம்மதியாக வீட்டுக்குப் போய், சமண நயினார் வீட்டு வழக்கப்படி பொழுது சாயுமுன்னே சாப்பிட்டாள்.

ஆள் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி போனாள். இந்தத் தடவை வெல்லத்தைக் குறை சொன்னாள். களத்துக்கு வந்து மல்லாட்டையைப் பொறுக்கும் கோட்டைக் குரங்குகளைத் திட்டினாள். குரங்குகளில் அவள் காட்டிய அக்கறையைக் கேட்டு மரியாதை முகவர் நெகிழ்ந்துபோனது. ‘கோட்டை’ என்று மட்டும் ஓரடி முன்னால் வைத்துப் பார்த்தாள். “கோட்டை குறித்து மிக அதிகமான மசோதாக்கள் உள்ளன. மிக அதிகமாக இருந்தால் எதையும் காட்டுவதில்லை” என்று பதில் வந்தது. சரி, அந்தப் பக்கம் கதவு சாத்தியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு எழுந்தாள். படியில் கால் வைத்து, களத்தைப் பற்றிக் கேட்டாள்.

“கேட்டுச்சுக்கா.”

“நல்லா கேட்டுச்சா?”

“நல்லா கேட்டுச்சு.”

புளி மண்டி முருகையன் அவளுக்குப் பெரியவர், ஒரே தெருவில் நாற்பது வருஷ வியாபாரம். விஷயத்தைக் கேள்விப்பட்டு, “இன்னாம்மா, மெஷினுகிட்ட போய்ச் சுத்தி வளைக்கற. நேரா கேட்டுப்புடேன்” என்றார்.

“நேரா கேட்டு உருப்பட்டவன் ஒருத்தனக் காட்டுண்ணே. நம்மளுது என்னான்னு தெரிஞ்சா வெலய ஏத்திடுவாங்க. களம்தான் வேணும்னு வாயத் தொறந்தா, களத்தத்தான் மொதல்ல புடிப்பாங்க.”

முருகையன் தாடையைச் சொறிந்தார். “அதுவும் நியாயம்தான்” என்றார். அவரும் போனார். அவருக்குக் குடோன் வரி பற்றித் தெரிய வேண்டியிருந்தது. அதனால் மருமகளின் தைராய்டில் ஆரம்பித்தார். அவரைப் பார்த்துக் கடைத்தெருவே போனது. அரிசிக்காரர்கள் கல்யாண மண்டபத்தை விசாரித்தார்கள். எண்ணெய்க்காரர்கள் ஏகாதசியை விசாரித்தார்கள். மரியாதை முகவர் ஓயாமல் நன்றி சொன்னது. வெளியே டீக்கடைக்காரன் பெஞ்சு போட்டான்.

சிவசங்கர் ஒருநாளும் எதையும் தடுக்கவில்லை. எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தான். சென்னையிலிருந்து போன் வரும்போதெல்லாம் எழுந்து நின்று பேசினான். “ஆமா சார், இன்னிக்கும் ஃபுல்லு சார், செஞ்சி ஜனங்களுக்கு ஆர்வம் ஜாஸ்தி சார்” என்றான். ஒவ்வொரு முறையும் பத்மினி படியில் நின்று சொன்ன சொல்லை நிமிர்ந்து பார்த்துக் காதில் வாங்கிக்கொண்டான். ஒருமுறை அவளே அவனருகில் குனிந்து, “டேய், உங்கம்மாவோட சோறுடா அது” என்றாள்.

“தெரியாதாக்கா எனக்கு? தைரியமா போங்க” என்றான்.

அன்று பத்மினி களத்துக்குப் போய், தளத்தில் விரிசல் விட்டிருந்த இடத்துக்கு ஆள் வைத்துச் சிமெண்டு பூசினாள். போகப் போகிற தளத்துக்கு யாராவது சிமெண்டு பூசுவார்களா?

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் மையத்தில் பந்தல் போட்டார்கள். எல்லா மையங்களிலும் அதிகமாகத் தேடிய ஊர் செஞ்சி என்று பாராட்டு விழா. இயக்குநர் இராமச்சந்திரன் மறுபடி வந்தார். பத்மினியை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பெயர் சொல்லி மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ‘தலைசிறந்த தேடல் குடிமகள்’ என்று அறிவித்தார்கள். வளர்மதி களத்துப் பெண்களோடு பின்னால் நின்று கைதட்டினாள். பேரம் படிந்துவிட்டது, அதுதான் மாலை மரியாதை என்று பத்மினி நினைத்தாள்.

இயக்குநர் பேசினார்.

“மக்களைக் கேட்டீர்களா, மக்களைக் கேட்டீர்களா என்று சிலர் எங்களைக் கேட்கிறார்கள். நாங்கள் கேட்கவில்லை. கேட்பது பழைய முறை. கேட்டால் மக்கள் ஏதாவது சொல்லிவிடுவார்கள். பிறகு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். தேடல் அப்படியில்லை. ஒருவர் எதைத் தேடுகிறாரோ அதில் அவருக்கு அக்கறை. எதைத் தேடவில்லையோ, அது போனால் அவருக்கு வருத்தமில்லை. இதைவிட எளிமையாக ஜனநாயகத்தைச் செய்ய முடியாது.

“பாரம்பரியப் பார்வைப் பாதுகாப்பு மசோதா சென்ற வாரம் நிறைவேறியது. கோட்டையைப் பார்க்க வருபவரின் கண்ணுக்கும் மலைக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். ஆனால் செஞ்சி மக்களின் அக்கறைகள் அனைத்தையும் காப்பாற்றிவிட்டோம். கோட்டைச் சாலையில் எள்ளுக்குத் தடையில்லை. புளிக்குத் தடையில்லை. வெல்லம் தாராளமாக இருக்கலாம். குரங்குகளுக்கு நிரந்தர விதிவிலக்கு. மழை பெய்யலாம். இவ்வளவு தேடிய இந்த ஊரில், உலர்களம் என்றோ, வெறும் களம் என்றோ ஒரு உயிர்கூட ஒருமுறையும் கேட்கவில்லை. எனவே களங்களை அகற்றுவதில் செஞ்சிக்கு முழுச் சம்மதம் என்று நாடாளுமன்றக் குழு நெகிழ்ச்சியோடு பதிவு செய்துகொண்டது.”

கூட்டம் கைதட்டியது. முருகையன் எழுந்து நின்று தட்டினார். புளி தப்பித்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பத்மினி தோளில் பொன்னாடையோடு சிவசங்கரைத் தேடினாள். அவன் மேடை ஓரத்தில் நின்று போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். போன் திரை அணைந்திருந்தது.

பந்தல் காலியானதும் உள்ளே போனாள். அவன் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தான்.

“நான் சொன்னேனே.”

“சொன்னீங்கக்கா.”

“உனக்குக் கேட்டுச்சே.”

“கேட்டுச்சுக்கா. எனக்குக் கேட்டுச்சு. ஆனா நான் மனுஷன்க்கா. மனுஷன் காதுல வுழுந்தது கணக்குல சேராது. மைக்குல வுழணும்.”

“அத அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா. ‘அக்கா, உக்காந்து சொல்லு’ன்னு.”

“சொல்லியிருந்தா நீங்க ஒரு வார்த்தையில முடிச்சிட்டுப் போயிருப்பீங்க.” தன் பக்கமும் நியாயம் இருக்கிறது என்கிற குரலில் சொன்னான்: “உங்களப் பாத்துத்தான ஊரே வந்துச்சு. வரலன்னா இந்த மையத்த மூடியிருப்பாங்க. எனக்கும் ஆறு மாசமா கான்ட்ராக்டு. இப்ப மெட்ராஸ் ஹெட் ஆபீசுல நிரந்தரமாப் போட்டிருக்கறாங்க. எல்லாம் உங்களாலதான்க்கா.”

அவன் உண்மையாகவே நன்றியோடு சொன்னான். அதுதான் பொறுக்கவில்லை. பேரத்தில் ஏமாற்றியவனைப் பத்மினி பலமுறை பார்த்திருக்கிறாள். ஏமாற்றியதும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், அதற்குக் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். இவன் முகத்தில் அந்தச் சிரிப்புகூட இல்லை.

அவள் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக மழையை விசாரிக்கவில்லை.

“களம்” என்றாள்.

“வணக்கம். களம் குறித்து ஒரே ஒரு மசோதா உள்ளது. பாரம்பரியப் பார்வைப் பாதுகாப்பு மசோதா, பிரிவு ஒன்பது. நிறைவேறியது. களத்தில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி.”

கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிட்டது. கருவியைக் குறை சொல்ல முடியாது.

“பாத்தீங்களா” என்றான் சிவசங்கர், தன் வீட்டுக் குழந்தை திருக்குறள் ஒப்பித்த மாதிரி. “நேரா கேட்டா டக்குனு வந்துடும்.”

பத்மினி பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலிக் கையில் போட்டாள். வெளியே வளர்மதி பந்தல் கம்பத்தில் சாய்ந்து அவளுக்காகக் காத்திருந்தாள். ராஜகிரியின் நிழல் சாலை வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

“உங்கம்மாவுக்கு நாளையிலேர்ந்து வேலை இல்ல” என்றாள் பத்மினி.

“அதப் பத்தி நீங்க கவலப்படாதீங்கக்கா. அம்மாவ நான் மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறேன். வூடு பாத்துட்டேன். அட்வான்சும் கொடுத்துட்டேன்.”

“வரேன்னு சொன்னாளா?”

“கேக்கல. ஆனா வருவாங்க. ஒரு மாசமா மெட்ராஸப் பத்தித்தான் விசாரிக்கறாங்க. அங்க வெயிலு எப்படி, தண்ணி வருமா, மாடிப்படி எத்தினி, பக்கத்துல கோயிலு இருக்குதா, காக்காய்க்குச் சோறு வைக்க எடம் இருக்குதான்னு தெனம் ஒண்ணு கேக்கறாங்க. அவ்ளோ ஆசை.”

பத்மினி வாசலைத் தாண்டி வளர்மதியைப் பார்த்தாள். களத்துப் பெண்களில் ஒருத்திக்குப் போக மனமில்லாத கல்யாணம் ஒன்று வந்தால், போகமாட்டேன் என்று சொல்லமாட்டாள். எந்த பஸ்ஸு, எத்தனை மணி முகூர்த்தம், பந்தியில் உட்கார இடம் இருக்குமா என்று விசாரித்துக்கொண்டே இருப்பாள். விசாரிப்பு கூடக்கூட, அவள் வரப்போவதில்லை என்று களத்துக்கே விளங்கிவிடும். வளர்மதி ஒரு மாதமாக விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவையும் அவனுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். பத்மினி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நல்லது. கூட்டிட்டுப் போ” என்றாள்.